நம் ஆண்டு விழா நாடகத்துக்கு லைட் போட்ட கதை



சுவர் இதழில் இந்த மாதம் என் முறை. எல்லோரும் கவிதை எழுதுகிறார்கள், விடுகதை போடுகிறார்கள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்குத் தெரிந்தது லைட். அதனால் ஆண்டு விழாவில் கண்ணகி நாடகத்துக்கு லைட் போட்டதைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சாப்பாட்டு மணி அடித்த பிறகு நின்று நிதானமாகப் படியுங்கள்.

எங்க அப்பா மைக் செட்டும் லைட் செட்டும் வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் எங்க அய்யா பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டார். ராத்திரி பூரா வள்ளி திருமணம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்துக்குப் புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றைக்கும் கூட்டம் உண்டு. பெட்ரோமாக்ஸில் காற்று குறைந்தால் வெளிச்சம் தானாக மங்கும். அய்யா குனிந்து போய் பம்ப் அடித்துவிட்டு வருவாராம். அந்தக் காலத்து லைட் கன்ட்ரோல் அய்யாவின் கைதான்.

மின்சாரம் வந்த பிறகும் ஜனங்கள் பயந்துதான் இருந்தார்கள். நம்ம ஊரில் மட்டும் இல்லை, லண்டனிலும்தான். 1881-ல் சவாய் தியேட்டர் என்ற நாடக அரங்கு முழுக்க மின்விளக்கு போட்டார்கள். அதன் முதலாளி எரிகிற பல்பு ஒன்றை மேடையிலேயே உடைத்துக் காட்டி, தீப்பிடிக்காது என்று நிரூபித்தாராம். பழைய நாடக அரங்குகளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உப்புத் தண்ணீர்த் தொட்டி கூட வைத்திருந்தார்கள். தண்ணீருக்குள் உலோகத் தகட்டை இறக்கினால் வெளிச்சம் கூடும், தூக்கினால் குறையும். அறிவியல் டீச்சர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எனக்கு அதைக் கேட்டதும் பயமாக இருந்தது. காரணம் சொல்கிறேன்.

எங்க அப்பாவின் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்னால் வெளியூர்த் திருவிழா ஒன்றில் நாடக மேடையின் இரும்புக் குழாயைப் பிடித்தார். அதில் கரண்ட் இருந்தது. கை விடவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தர் ஓடிப் போய் மெயினை அணைத்ததால் எங்களுக்கு அப்பா இருக்கிறார். அந்த மேடையில் எர்த் இல்லை.

இந்த விஷயம் தலைமை ஆசிரியர் அம்மாவுக்கும் தெரியும். தமிழ் ஐயா, "இந்த வருஷம் கலர் லைட் போட்டு நாடகம் போடலாமா?" என்று கேட்டபோது அம்மா ஒரே வார்த்தையில், "டியூப் லைட் போதும்" என்றார்கள். பெற்றோர் கூட்டத்திலும் பேச்சு வந்தது. "கீழே ஈரத் தரை, மேலே இரும்புக் குழாய், நடுவுல வெறுங்காலோட புள்ளைங்க. யாரு பதில் சொல்றது?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா கேட்டார்கள். அவர்கள் மகள்தான் கண்ணகி.

அப்பா எழுந்து, "கேக்குறது நியாயந்தான். நான் ஒயரிங் பண்ணிக் காட்டுறேன். உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா டியூப் லைட்டே போட்டுக்கலாம்" என்றார். அப்படித்தான் அனுமதி கிடைத்தது.

என்ன சாமான் வாங்குவது?

கடைக்குப் போனால் ஆயிரம் சாமான் இருக்கும். ஆகவே முதலில் நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொன்னார். தமிழ் ஐயாவிடம் நாடக வசனத் தாளை வாங்கி, எங்கெங்கே வெளிச்சம் மாறுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். மொத்தம் ஐந்துதான் வந்தது.

1. பாண்டியன் அரண்மனை. மஞ்சள்.
2. கண்ணகி வருகிறாள். அரசன் பக்கம் மங்கல், அவள் பக்கம் வெள்ளை.
3. சிலம்பு உடைகிறது. உள்ளே இருப்பது மாணிக்கம். மேடை முழுவதும் சிவப்பு.
4. அரசன் சரிகிறான். மெல்ல மெல்ல இருட்டு.
5. கண்ணகி மட்டும். வெள்ளை.

இந்த ஐந்துக்கு எத்தனை லைட் வேண்டும்? முன்னால் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, பின்னால் இரண்டு. ஆறு போதும்.

அடுத்து, அதைக் கட்டுப்படுத்த என்ன வாங்குவது? மூன்று வழி இருந்தது.

முதல் வழி, அப்பாவிடம் இருக்கும் பழைய ஹாலஜன் லைட்டும் டிம்மர் பெட்டியும். ஹாலஜன் ஒன்று 1000 வாட். ஆறு போட்டால் 6000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 26 ஆம்பியர் வரும். நம் பள்ளியில் இருக்கும் பெரிய பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான். அதோடு இந்த டிம்மர் மின்சார அலையை நொடிக்கு 100 முறை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. சில எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்களும் இதே வேலைதான் செய்கின்றன. அப்படி வெட்டும்போது மைக்கில் 'கொர்ர்' என்று சத்தம் வரும். பாதி வெளிச்சத்தில் கண்ணகி அழும்போது மைக்கும் சேர்ந்து கொர்ர் என்றால் நாடகம் என்ன ஆவது?

இரண்டாவது வழி, லேப்டாப்பில் ஒரு சின்னப் பெட்டியைச் சொருகி அதிலிருந்தே லைட்டை இயக்குவது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து மாற்றத்துக்கு அது தேவையில்லை. லேப்டாப் நடுவில் நின்றுவிட்டால் நாடகமும் நின்றுவிடும்.

மூன்றாவது வழி, எல்.இ.டி. லைட்டும் 192 சேனல் கன்ட்ரோலரும். அப்பா வாங்கிய எல்.இ.டி. லைட் ஒன்றுக்கு 120 வாட். ஆறுக்கு 720 வாட். 3 ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். கன்ட்ரோலரில் எட்டு ஸ்லைடர் இருக்கிறது. லைட்டுக்கும் எட்டு சேனல். முதல் ஸ்லைடர் மொத்த வெளிச்சம், அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஆறாவது மின்னல் மாதிரி வெட்டுவது. ஏழும் எட்டும் தானாகக் கலர் மாறுவதற்கு. கல்யாண வீட்டுக்கு அது நல்லா இருக்கும், நாடகத்துக்கு ஆகாது. ஆகவே ஏழையும் எட்டையும் கீழே இறக்கி, மேலே செல்லோ டேப் ஒட்டிவிட்டேன். (எல்லா லைட்டும் ஒரே மாதிரி இருக்காது. கூட வரும் தாளைப் பார்க்க வேண்டும்.)

ஒன்று மறக்கக் கூடாது. எல்.இ.டி. லைட்டைப் பழைய டிம்மர் பெட்டியில் சொருகக் கூடாது. துடிக்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் போய்விடும். அதற்கு எப்போதும் முழு 230 வோல்ட் கொடுக்க வேண்டும். கூட்டு, குறை என்கிற உத்தரவு வேறு கேபிளில் தனியாகப் போகிறது. அந்த உத்தரவு மொழிக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். 1986-ல் அமெரிக்காவில் நாடக அரங்குத் தொழில்நுட்பக்காரர்கள் இதை வகுத்தார்கள். ஒரு கேபிளில் 512 சேனல். ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை எண் போகும். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம்.

ஒயரிங்

230 வோல்ட் பக்கம் நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். அது அப்பாவும் அவர் கூட வேலை செய்யும் சித்தப்பாவும் செய்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

பள்ளி மெயினிலிருந்து வரும் லைனில் முதலில் ஒரு எம்.சி.பி., அடுத்து ஒரு ஆர்.சி.சி.பி. வைத்தார்கள். "ரெண்டும் டிரிப் ஆகுறதுதானே, எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாத்தும்த்தா."

போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் நடுவில் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அது ஒரு மனுஷன் உடம்பு வழியாகக் கூட இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்.சி.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்பது 0.03 ஆம்பியர். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கண்ணகியின் அம்மாவைக் கூப்பிட்டு அதை அழுத்தச் சொன்னார் அப்பா. 'டக்' என்று விழுந்தது. அந்த அக்கா இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

எல்லா லைட்டுக்கும் மூன்று முள் பிளக். மேடையின் இரும்புக் குழாய்களுக்கும் எர்த் கொடுத்தார்கள். ஒயர்ச் சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டார்கள். சுருட்டியபடியே பெரிய லோடு கொடுத்தால் சூடாகுமாம்.

இனி என் வேலை. டி.எம்.எக்ஸ். கேபிள் போடுவது தொட்டால் அடிக்காத வேலை. கன்ட்ரோலரிலிருந்து முதல் லைட்டுக்கு, அதிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு என்று பூத்தொடுப்பது போல வரிசையாகப் போக வேண்டும். நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. இடது முன் இரண்டும் 1, 2. பின்னால் 3, 4. வலது முன் 5, 6. கடைசி லைட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த ஒரு மூடி பிளக்கைச் சொருக வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு கேபிளின் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். கிணற்றில் கத்தினால் எதிரொலி வருமே, அது போல.

அடுத்தது முகவரி. தபால்காரருக்குக் கதவு எண் வேண்டும் அல்லவா? லைட்டுக்கும் எண் வேண்டும். இந்தக் கன்ட்ரோலர் லைட் ஒன்றுக்கு 16 சேனல் ஒதுக்குகிறது. நம்முடையது எட்டே சேனல் லைட் என்றாலும் 16, 16 ஆகத்தான் தாண்ட வேண்டும். முதல் லைட் 1, இரண்டாவது 17, அப்புறம் 33, 49, 65, 81. பத்தாம் வகுப்பு அக்காமார் படிக்கும் கூட்டுத் தொடர்வரிசை இதுதான். 12 லைட் வரை போகும். 12 × 16 = 192. அதனால்தான் 192 சேனல் என்று பெயர். கூட வந்த தாள் முழுக்க இங்கிலீஷ். அப்பா ஆறாவதோடு நின்றவர். ஆங்கில டீச்சரிடம் அகராதி வாங்கி நான் வாசிக்க வாசிக்க அப்பா எண் வைத்தார். அன்றைக்குத்தான் அப்பா என்னை "சொல்லுங்க டீச்சர்" என்று கூப்பிட்டார்.

ஒத்திகை அன்று நாலாவது லைட்டிலிருந்து கடைசி வரை எல்லாம் துடித்தது. 1, 2, 3 சரியாக எரிந்தன. ஆகவே கோளாறு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நாலாவது லைட்டை மாற்றலாம் என்றார் சித்தப்பா. முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம் என்றேன். மாற்றியதும் துடிப்பு நின்றது. அந்தக் கேபிளின் மூன்று முள்ளில் ஒன்றின் பற்றவைப்பு விட்டிருந்தது. உத்தரவு இரண்டு கம்பி வழியாகப் போகிறது. ஒரு கம்பி அறுந்தாலும் முழுசாக நிற்காது, அரைகுறையாக வேலை செய்து ஏமாற்றும். எங்கே வரை நல்லா இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கலர் கலப்பதும் வேடிக்கைதான். ஓவிய வகுப்பில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேற்றுக் கலர் வரும். வெளிச்சத்தில் கலந்தால் மஞ்சள் வருகிறது. சிவப்பை முழுசாகவும் பச்சையைப் பாதியாகவும் ஏற்றினால் குத்துவிளக்கு நிறம் வரும். அரண்மனைக்கு அதைத்தான் வைத்தோம். ஆனால் வெறும் சிவப்பு வெளிச்சத்தில் அரசியின் பச்சைப் புடவை கறுப்பாகத் தெரிந்தது. பச்சைத் துணி பச்சை ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், அங்கே பச்சை ஒளியே இல்லை என்று அறிவியல் டீச்சர் விளக்கினார்கள். ஒரு துளி வெள்ளை சேர்த்ததும் சரியானது.

விழா அன்று

மாலை 6 மணிக்குத் தூறல். பத்து நிமிடம்தான் பெய்தது. ஆனால் 'டக்' என்று ஆர்.சி.சி.பி. விழுந்தது. மேடை இருட்டு. தூக்கி வைத்தால் மறுபடி விழுகிறது. முன் வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், பின்னால் அம்மாமார், சின்னப் பிள்ளைகளின் அழுகை. "டைரக்டா குடுப்பா! அரைமணி நேர நாடகந்தானே!" என்று ஒருவர் சத்தம் போட்டார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் அத்தனை பேர் திட்டும்போது அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? தொழில் செய்பவருக்கு நாலு பேர் சொல்தான் அடுத்த வாடகை.

அப்பா மைக்கை வாங்கி, "விழுந்துச்சுன்னா எங்கயோ கசியுதுன்னு அது சொல்லுது. அதை மறிச்சிட்டுப் புள்ளைங்கள ஏத்த மாட்டேன். கொஞ்சம் பொறுங்க" என்றார். அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் அம்மா எழுந்து அப்பா பக்கத்தில் வந்து நின்றார்கள். சத்தம் அடங்கியது.

எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தார்கள். வலது முன் பெட்டியைச் சொருகும்போது விழுந்தது. திறந்தால் உள்ளே தண்ணீர். அந்தப் பெட்டியைக் கழற்றியாயிற்று. வலது பக்க இரண்டு லைட்டும் போயின. நல்ல வேளை, அவை வரிசையில் கடைசி. ஆறாவது லைட்டில் இருந்த மூடி பிளக்கை எடுத்து நாலாவதில் சொருகினேன். ஆனால் கண்ணகி நிற்க வேண்டிய இடம் வலது பக்கம். அங்கே இப்போது இருட்டு.

தமிழ் ஐயாவிடம் ஓடினேன். "ஐயா, கண்ணகிய இடது பக்கம் நிறுத்தலாமா?" ஐயா ஒரு நொடி யோசித்தார். "அரசன் நாற்காலிய வலது பக்கம் தூக்கிப் போடுங்கடா. தப்புத் தீர்ப்புச் சொன்னவன் இருட்டுல உக்காரட்டும்" என்றார். பதிவு செய்து வைத்திருந்த ஐந்து சீனில் மூன்றை மாற்றினேன். ஐந்தே சீன் என்பதால் முடிந்தது. ஐம்பது வைத்திருந்தால் முடிந்திருக்காது.

நாடகம் தொடங்கியது. சிலம்பைத் தூக்கி அடித்தாள். பொத்தானை அழுத்தினேன். சிவப்பு பரவியது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அரசன் சரியும் இடத்துக்கு நான் பதிவு வைக்கவில்லை. எங்க அப்பத்தா ஒத்திகையில் ஒரு வார்த்தை சொன்னது: "வெளக்கு தானா அணையிறது வேற, ஊதி அணைக்கிறது வேற." இந்த லைட் ஹாலஜன் மாதிரி தானாக மெல்லத் தணியாது. ஆகவே நாலு லைட்டின் பொத்தானையும் அழுத்திக்கொண்டு, முதல் ஸ்லைடரை ஒரு விரலால் மெல்ல மெல்ல இறக்கினேன். முழு இருட்டு. யாரும் கை தட்டவில்லை. அந்த அமைதியில் எனக்கு நெஞ்சு அடிப்பது கேட்டது. பிறகு கண்ணகிக்கு மட்டும் வெள்ளை வெளிச்சம். அப்போதுதான் கைதட்டல்.

எல்லோரும் கண்ணகியையும் பாண்டியனையும் பாராட்டினார்கள். லைட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா சொன்னார்: "லைட்டப் பத்தி யாரும் பேசலேன்னா லைட் சரியா இருந்துச்சுன்னு அர்த்தம்." கண்ணகியின் அம்மா மட்டும் அப்பாவிடம் வந்து, "அண்ணே, எங்க வீட்டுலயும் அந்த டக்குன்னு விழுறத மாட்டித் தர்றீங்களா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு நம் ஊரில் ஏழு வீட்டில் அப்பா மாட்டியிருக்கிறார்.

அடுத்த வருடம் லைட் போட விரும்புகிறவர்களுக்கு:

* சாமான் வாங்கும் முன்னால் வசனத் தாளைப் படி. எத்தனை மாற்றம் என்று எண்ணு.
* வாட்டைக் கூட்டி 230-ஆல் வகு. பிளக் பாயின்ட் தாங்குமா என்று பார்.
* மைக் கேபிளும் லைட் கேபிளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லைட் கேபிளில் சிவப்பு டேப் சுற்று.
* முகவரி எண்ணை ஒவ்வொரு லைட்டிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டு.
* தரையில் இருக்கும் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வை, மேலே மூடு.
* ஆர்.சி.சி.பி. விழுந்தால் காரணத்தைத் தேடச் சொல். யார் சத்தம் போட்டாலும் அதை மறிக்க விடாதே.

அடுத்த ஆண்டு நான் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வு இருக்கிறது. கன்ட்ரோலரில் உட்கார எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க கடைக்கு வந்தால் சொல்லித் தருகிறேன். 16-ஆம் வாய்ப்பாடு தெரிந்திருந்தால் போதும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி